கொலை வழக்கில் எண்பிக்க வேண்டியவர் யார்?

ஓர் ஊரிலே ஒரு கொலை நிகழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குள் ஒருவரின் பெயர் ஊரெங்கும் அடிபடத் தொடங்கிவிடும். அடுத்த நாட் காலையிலே அவர் பொலிசாரின் காவலில் இருக்கிறார் என்ற செய்தி வரும். அப்பொழுது தேநீர்க் கடை வாங்கிலே இருந்து பேசுகிறவர்கள் ஒரு வசனம் சொல்லுவார்கள்: “அவன் செய்யவில்லையென்றால், செய்யவில்லை என்று அவனே காட்டட்டுமே!”

கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் வசனம் இது. தேநீர்க் கடையில் உள்ளவர்கள் மட்டுமன்றி, ஆங்கில நாட்டின் பெரும் நீதிபதிகளும் ஏறத்தாழ இதே கருத்தை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் நீதிமன்றங்களிலே சொல்லி வந்தார்கள். அது பிழையென்று 1935 ஆம் ஆண்டிலேதான் தீர்க்கமாகச் சொல்லப்பட்டது. அதற்குக் காரணமாயிருந்தவன் பேரறிஞனுமல்லன், பிரபுவுமல்லன். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த இருபத்தொரு வயதுப் பண்ணைக் கூலியாள் ஒருவன். அவனுடைய வழக்கையும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த வழக்கின் நிழல் நமது இலங்கை நீதிமன்றங்களிலும் விழுந்திருக்கிறது.

கோவலன் கதையை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே குற்றச்சாட்டு களவுதான், கொலையன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கோவலனுக்காகப் பேசுவதற்கு ஒருவர் வந்தார். காற்சிலம்பை உடைத்துச் சான்றும் காட்டினார். ஆனால் அவர் வந்தது தண்டனை நிறைவேறிய பின்னர். குற்றஞ் சாட்டப்பட்டவனுக்காகப் பேசுபவர் எப்பொழுது வருகிறார் என்பதிலே உயிர் தங்கியிருக்கிறது.

ஆங்கில நாட்டிலே நெடுங்காலம் அப்படி ஒருவர் வருவதற்கே வழியிருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே, கொலை முதலிய பெருங்குற்றங்கள் சாட்டப்பட்டவர் தமக்காக வழக்காட ஓர் அப்புக்காத்தை அமர்த்த முடியாது. சிறு குற்றத்திற்கு அமர்த்தலாம்; கடன் வழக்கிற்கு அமர்த்தலாம்; உயிர் போகும் வழக்கிற்கு அமர்த்தல் ஆகாது! இதற்கு அவர்கள் சொன்ன நியாயம் விசித்திரமானது. நீதிபதியே எதிரிக்கு வழக்கறிஞர் போல இருந்து அவனது உரிமைகளைக் கவனித்துக்கொள்வார் என்றனர். குற்றமற்றவன் உண்மையைச் சொல்வதற்கு வாய்த்திறன் எதற்கு என்றும் கேட்டனர். எழுத்தறியாத ஏழை ஒருவன், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டு, சாட்சிகள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதை முன்னரே அறியாதவனாய்ச் செவ்வங்கியணிந்த நீதிபதியின் முன்னே நின்று தன் உயிருக்காகத் தானே வாதாட வேண்டும். அரை மணி நேரங்கூட நீடியாத விசாரணைகள் அக்காலத்திலே வழக்கமாயிருந்தன. 1702 வரையில் அவனுடைய சாட்சிகள் சத்தியம் செய்து சாட்சியஞ் சொல்லவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

முதலிலே இந்தத் தடை தளர்ந்தது இராசத் துரோக வழக்குகளிலே. 1696 இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அத்தகைய வழக்குகளில் எதிரிக்கு வழக்கறிஞரை அனுமதித்தது. இராசத் துரோகக் குற்றச்சாட்டுக்கு அஞ்சவேண்டியிருந்தவர்கள் பெரும்பாலும் பாராளுமன்றத்திலே இருந்த பெருமக்களே என்பதை நினைக்கும்போது அந்த அவசரத்தின் காரணம் விளங்கும். ஏழைக் கொலைக் குற்றவாளியைப் பற்றி அவர்கள் அவ்வளவு அவசரப்படவில்லை.

1730 களிலிருந்து சில நீதிபதிகள் தம் விருப்பின்படி, எதிரியின் வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு இடமளித்தனர். ஆனால் ஜூரிமாரை நோக்கி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. கேள்வி கேட்கலாம், அதன் பொருள் இதுவென்று எடுத்துச் சொல்லலாகாது. அந்தக் குறுகிய இடத்திலே நின்றுகொண்டு பெயர் பெற்றவர் வில்லியம் கரோ. 1783 இல் அப்புக்காத்தான அவர் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்திலே பொய்ச்சாட்சிகளைத் தம் கேள்விகளாலேயே கலங்கடித்தார். பேச்சுத் தடை 1836 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் நீங்கியது. அதற்குப் பத்தாண்டுகளின் முன்பு, 1826 இல், சிட்னி சிமித் என்னும் பாதிரியார் ‘எடின்பரோ ரிவியூ’ என்ற சஞ்சிகையிலே இந்த அநீதியை ஏளனஞ் செய்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவருடைய பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயருடைய வேறொருவரை நாம் பின்னர் கொழும்பிலே சந்திப்போம்.

புதிய சட்டம் வந்து நான்காண்டுகள்கூட நிறையவில்லை. அதற்கு ஒரு கடுஞ்சோதனை வந்தது. 1840 மே மாதத்திலே வில்லியம் ரசல் பிரபு என்ற முதியவர் லண்டனிலே தம் படுக்கையிற் கழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தார். அவருடைய பணியாளனாகிய கூர்வாசியே என்னும் சுவிற்சர்லாந்துக்காரன் குற்றஞ் சாட்டப்பட்டான். அவனுக்காக வாதாடியவர் சாள்ஸ் பிலிப்ஸ். விசாரணையின் நடுவிலே, களவுபோன வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றிய புதிய சாட்சியம் வந்தது. உடனே எதிரி தன் வழக்கறிஞரை அழைத்து, தானே கொன்றதாக ஒப்புக்கொண்டான். ஆயினும் தமக்காகத் தொடர்ந்து வாதாட வேண்டும் என்றும் கேட்டான்!

பிலிப்ஸ் திகைத்துப் போனார். வழக்கை விட்டு விலகிவிடவே முதலில் நினைத்தார். அன்று நீதிமன்றத்திலே வீற்றிருந்த மற்றொரு நீதிபதியாகிய பார்க் என்பவரிடம் தனியே யோசனை கேட்டார். எதிரி விரும்பினால் தொடர்ந்து வாதாடவே வேண்டும், சாட்சியத்திலிருந்து எழக்கூடிய நேர்மையான வாதங்கள் அனைத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த விடை. பிலிப்ஸ் வாதாடினார். ஜூரிமார் குற்றவாளியென்றே தீர்ப்பளித்தனர். அவன் தூக்கிலிடப்பட்டான். அந்தக் கூட்டத்திலே நாவலாசிரியர்களாகிய டிக்கின்ஸும் தாக்கரேயும் நின்றிருந்தனர். ஒப்புதலின் செய்தி பின்னர் வெளிவந்ததும் பத்திரிகைகள் பிலிப்ஸ் மீது சீறி விழுந்தன. குற்றவாளியென்று அறிந்தும் எப்படி வாதாடலாம் என்பது கேள்வி. பணிப்பெண்கள் மீதும் பொலிசார் மீதும் சந்தேகம் விழும்படி அவர் பேசினார் என்பதும் குற்றச்சாட்டு. அந்தக் குறை எழுந்ததிலே நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். நிரபராதியாகிய ஒரு பணிப்பெண் மீது பழி சாய்வது சிறிய காரியமன்று. ஆனால் அவர் வழக்கை விட்டு நடுவிலே எழுந்து போயிருந்தால், அந்தச் செயலே தீர்ப்பாகியிருக்கும். ஜூரிமார் பன்னிருவரும் தம் இருக்கையை விட்டு அசையாமலே எதிரியின் முடிவு நிச்சயமாகியிருக்கும். வழக்கறிஞர் நீதிபதியுமல்லர், ஜூரியுமல்லர் என்ற கொள்கை இந்த வழக்கின் பின்னரே பொதுமக்களிடையே வாதப்பொருளாயிற்று. அந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

எதிரி தானே சத்தியம் செய்து சாட்சியஞ் சொல்லும் உரிமை 1898 இல் வந்தது. பொருளில்லாத எதிரிக்கு அரசின் செலவிலே வழக்கறிஞர் கிடைக்கும் ஏற்பாடு 1903 இல் அரைகுறையாகத் தொடங்கி 1930 இல் விரிவடைந்தது. வாயும் கிடைத்தது, வழக்கறிஞரும் கிடைத்தார். ஆனால் தேநீர்க் கடை வசனம் மட்டும் நீதிமன்றத்தை விட்டு வெளியேறவில்லை.

இனி அந்தப் பண்ணைக் கூலியாளின் கதைக்கு வருவோம். அவன் பெயர் ரெஜினால்ட் வூல்மிங்டன். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியினன். 1934 ஆகத்து மாதம் மணமுடித்தான். மனைவிக்கு வயது பதினேழு. ஒக்டோபரிலே குழந்தை பிறந்தது. நவம்பரிலே மனத்தாங்கல் முற்றி மனைவி தாய்வீடு போய்விட்டாள். திசம்பர் 10 ஆந் திகதி, தன் முதலாளியின் துவக்கொன்றை எடுத்து, அதன் குழலை அரிந்து குறுக்கி, மேலங்கிக்குள்ளே தொங்கவிட்டுக்கொண்டு அவளிடம் போனான். சற்று நேரத்திலே வெடி வெடித்தது. நெஞ்சிலே குண்டு பாய்ந்து அந்தப் பெண் இறந்தாள்.

அவன் சொன்ன கதை இது: அவளைத் திரும்பி வரும்படி கேட்பதற்காகவே போனேன், வராவிட்டால் என்னையே சுட்டுக்கொள்வேன் என்று பயமுறுத்த எண்ணினேன், துவக்கை எடுத்துக் காட்டும்போது அது தானாக வெடித்துவிட்டது.

நேயர்கள் இதை நம்புவார்களோ, நான் அறியேன். துவக்கைக் களவாக எடுத்திருக்கிறான். குழலை அரிந்திருக்கிறான். சட்டைப் பையிலே விடைபெறும் பாவனையில் எழுதிய கடிதமொன்றும் இருந்தது. தோன்டன் நகரிலே முதலாவது ஜூரிமார் கேட்டுவிட்டு ஒருமுடிவுக்கு வரமுடியாமற் கலைந்தனர். இரண்டாவது விசாரணை 1935 பெப்ரவரியிலே பிரிஸ்டல் நகரில் நடந்தது. அங்கே நீதிபதி சுவிப்ட் ஜூரிமாருக்குச் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான்: எதிரியின் கையால் மரணம் நேர்ந்தது என்று காட்டப்பட்டுவிட்டால் அது கொலையென்றே கொள்ளப்படும், கொலையன்று, விபத்து என்றால் அதை உங்களுக்கு மெய்ப்பிக்க வேண்டியவன் எதிரியே. அவர் தம் மனம்போன போக்கிலே இதைச் சொல்லவில்லை. 1762 இல் சேர் மைக்கல் பொஸ்டர் என்ற நீதிபதி எழுதிய நூலிலே அப்படியே இருந்தது; நூல்களெல்லாம் அதையே படியெடுத்து வந்தன. ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஆலோசித்த ஜூரிமார் குற்றவாளியென்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு மன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

அதற்கு மேலே பிரபுக்கள் சபைக்குப் போவதானால், பொதுநலனைத் தொட்ட சட்டப் பிரச்சினை ஒன்று உண்டென்று சட்டமா அதிபரே சான்றிதழ் தரவேண்டும். அதாவது வழக்குத் தொடுக்கும் தரப்பின் தலைவரிடமே எதிரி அனுமதி கேட்கவேண்டும்! சட்டமா அதிபராயிருந்த சேர் தோமஸ் இன்ஸ்கிப் அதைக் கொடுத்தார். அந்தச் செயலை நான் மதிக்கிறேன். ஏப்பிரில் 4 ஆந், 5 ஆந் திகதிகளிலே பிரபுக்கள் சபை வழக்கைக் கேட்டு, இரண்டாம் நாளிலேயே தண்டனையை நீக்கியது. வூல்மிங்டன் விடுதலையானான்.

காரணங்கள் மே மாதம் 23 ஆந் திகதி வெளியாயின. சாங்கி பிரபு வழங்கிய அந்தத் தீர்ப்பிலே, ஆங்கிலக் குற்றவியற் சட்டம் என்னும் வலையினூடே ஓடும் பொன்னிழை ஒன்றைப் பற்றிய உவமை வருகிறது. எதிரியின் குற்றத்தை எண்பிக்க வேண்டியது வழக்குத் தொடுநரின் கடமை என்பதே அந்த இழை. மரணம் நேர்ந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. கொல்லும் எண்ணத்தையும் வழக்குத் தொடுநரே எண்பிக்க வேண்டும். வழக்கு முடிவிலே நியாயமான சந்தேகம் ஒன்று எஞ்சி நின்றால், அந்தச் சந்தேகம் வழக்குத் தொடுநர் தரப்புச் சாட்சியத்தால் எழுந்ததாயினும் எதிரியின் சாட்சியத்தால் எழுந்ததாயினும், எதிரி விடுதலை பெறவேண்டும். வூல்மிங்டன் குற்றமற்றவன் என்று பிரபுக்கள் சபை கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரியான கேள்வி ஜூரிமாரிடம் கேட்கப்படவில்லை என்பதே அது கண்டது. இறந்துபோன பதினேழு வயதுப் பெண்ணின் தாய்க்கு இந்த விளக்கம் ஆறுதலாக இருந்திருக்குமா? இருந்திராது.

பொன்னிழைக்கு இரண்டு விலக்குகளை அவர்கள் குறித்தனர். ஒன்று, சித்தசுவாதீனமின்மை என்ற வாதம். மற்றையது, எழுதப்பட்ட சட்டம் வெளிப்படையாக ஏற்படுத்திய விலக்குகள். இந்த இரண்டாவது விலக்கு இலங்கையராகிய நமக்கு மிக முக்கியமானது. ஏனெனில் நமது குற்றவியற் சட்டம் பெரும்பாலும் எழுதப்பட்ட சட்டமே.

1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய தண்டனைச் சட்டக்கோவை, மக்கோலே முதலானோர் இந்தியாவுக்கு வரைந்த கோவையை முன்மாதிரியாகக் கொண்டது. மனிதர் கையால் நேரும் மரணமெல்லாம் அதன் கண்ணிலே ஒரேவகையன்று. குற்றமுள்ள மனிதக் கொலை இன்னதென்று 293 ஆம் பிரிவு சொல்லுகிறது. அது எப்பொழுது முழுக் கொலைக்குற்றமாகும், எந்த எந்த விலக்குகளால் அதிலிருந்து தாழும் என்று 294 ஆம் பிரிவு வகுக்கிறது. பாரதூரமான திடீர்ச் சினமூட்டல், முன்யோசனையின்றித் திடீரென மூண்ட சண்டை, தற்காப்பு உரிமையின் எல்லையை நல்லெண்ணத்துடன் கடந்துவிடல் என்பன அவ்விலக்குகளிற் சில. கொலைக்குற்றத்திற்கு 296 ஆம் பிரிவின்படி மரண தண்டனை. 1976 இன் பின்னர் இந்நாட்டிலே அது விதிக்கப்படுகின்றதேயன்றி நிறைவேற்றப்படவில்லை. கொலையாகாத மனிதக் கொலைக்குச் சிறைத்தண்டனை. கவனக்குறைவால் மரணம் விளைத்தல் 298 ஆம் பிரிவில் வேறாக இருக்கிறது. அதற்குத் தண்டனை இன்னும் குறைவு. ஆகவே ‘கொன்றானா, இல்லையா’ என்று நாம் ஒரே கேள்வியாகக் கேட்பதைச் சட்டம் நான்கைந்து கேள்விகளாகக் கேட்கிறது.

வூல்மிங்டன் தீர்ப்பு வெளிவந்த மறு ஆண்டு, 1936 இல், கொழும்பிலிருந்து சென்ற இரண்டு வழக்குகள் லண்டனிலே கோமறைக் கழகத்தின் முன் வந்தன. இரண்டிலும் குளோரபோம் வந்தது ஒரு தற்செயலான ஒற்றுமை. ஒன்று அத்திகல வழக்கு. எதிரிக்கு மட்டுமே விசேடமாகத் தெரிந்த விடயத்தை எதிரியே எண்பிக்க வேண்டும் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு கூறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, குற்றம் நிகழவில்லை என்று எதிரியே காட்டவேண்டும் என ஜூரிமாருக்குச் சொல்லியிருந்தனர். அது இலங்கையின் சட்டமன்று என்றது கோமறைக் கழகம். மற்றையது செனிவிரத்தின வழக்கு. மனைவியைக் குளோரபோமினாற் கொன்றார் எனத் தண்டிக்கப்பட்டிருந்தவரின் தீர்ப்பை அக்கழகம் நீக்கிவிட்டது. அக்காலத்திலே இந்நாட்டில் ஜூரி வழக்குகளுக்கு மேன்முறையீட்டு மன்றமே இருக்கவில்லை. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு முன்னர் கடல் கடந்து போக வசதியற்றவன் என்ன செய்திருப்பான்?

எண்பிக்கும் சுமை வழக்குத் தொடுநருடையது என்ற கொள்கை நடைமுறையிலே எப்படியிருக்கும் என்பதற்கு 1953 ஆம் ஆண்டு நடந்த சதாசிவம் வழக்கை வயது சென்றவர்கள் பலரும் உதாரணமாகச் சொல்லுவர். மகாதேவ சதாசிவம் 1948 இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை அணியைத் தலைமை தாங்கிய துடுப்பாட்ட வீரர். 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் நிகழ்ந்த தம் மனைவியின் கொலைக்காக அவர் குற்றஞ் சாட்டப்பட்டார். ஏறத்தாழ இருபது மாதங்கள் கழிந்தே முடிவு தெரிந்தது. நீதியரசர் கிரேஷியன் முன்னிலையிலே அவருக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. வழக்கின் முடிச்சு நேரத்திலே இருந்தது. சதாசிவம் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் மரணம் நேர்ந்ததா, பின் நேர்ந்ததா? வைத்திய நிபுணர்களின் சாட்சியம் இரு பக்கமும் இழுபட்டது. எதிரி தரப்புக்காக எடின்பரோவிலிருந்து வந்தவர்தான் பேராசிரியர் சேர் சிட்னி சிமித். பழைய பாதிரியாரின் பெயரைக் கொண்ட இந்த அறிஞர் கொழும்பு நீதிமன்றத்திலே நின்றது சரித்திரத்தின் ஒரு சிறு வேடிக்கை. தாம் புறப்பட்ட பின்னரே கொலை நடந்தது என்று சதாசிவம் நிச்சயமாக நிறுவ வேண்டியிருக்கவில்லை. முன்னரே நடந்தது என்று வழக்குத் தொடுநர் சந்தேகமற நிறுவவேண்டியிருந்தது. ஜூரிமார் அவரை விடுதலை செய்தனர்.

ஆனால் எதிரியின் பதில் வேறுவிதமாக இருந்தால் நிலைமை மாறிவிடும். ‘நான் அவ்விடத்தில் இருக்கவில்லை’ என்பதும், ‘கொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை’ என்பதும் வழக்குத் தொடுநரின் கூற்றையே மறுப்பன. அங்கே சந்தேகத்தை எழுப்பினாற் போதும். ‘கொன்றேன், ஆனால் தற்காப்புக்காக’ என்றோ, ‘சினமூட்டப்பட்டதாற் கொன்றேன்’ என்றோ சொன்னால், அது சட்டக்கோவையின் விலக்கொன்றை நாடுவதாகும். 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு, விலக்கைக் கோருபவன் அதை எண்பிக்க வேண்டும் என்கிறது. 1942 இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கிலே நமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. வூல்மிங்டன் தீர்ப்பு இவ்விலக்குகளுக்குப் பொருந்தாது என்றும், விலக்கு உண்டென்பதே கூடுதலாக நிகழக்கூடியது என்ற அளவுக்கு எதிரி காட்டவேண்டும் என்றும் அது கூறியது. ஜயசேன வழக்கிலே கோமறைக் கழகமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே தற்காப்பைப் பற்றி ஜூரிமாருக்கு வெறும் சந்தேகம் மட்டும் எழுந்தால், ஆங்கில நாட்டிலே எதிரி வீட்டுக்குப் போவான். இலங்கையிலே சிறைக்குப் போகலாம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, குற்றவாளியென எண்பிக்கப்படும் வரையில் எவரும் சுத்தவாளியெனவே கொள்ளப்படுவர் என்று சொல்லிவிட்டு, குறித்த சில நிகழ்வுகளை எண்பிக்கும் சுமையைச் சட்டம் எதிரி மீது வைக்கலாம் என்ற காப்புரையையும் உடன் சேர்த்திருக்கிறது. நமது நாட்டுப் பொன்னிழையிலே இந்த முடிச்சு தொடக்கத்திலிருந்தே விழுந்திருக்கிறது. இது சரியானதென்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் சட்டம் இதுவே.

கிராமத்திலே ஒருவர் கைதாகும்போது, அவருடைய உறவினர் முதலில் ஓடுவது பெரும்பாலும் ஊர்ப் பெரியவரிடம், பிறகு பொலிசில் யாரையேனும் தெரிந்தவரிடம், சட்டத்தரணியிடம் கடைசியிலே. அதற்குள் எதிரி பலரிடம் பலவிதமாகப் பேசி முடித்திருப்பார். பொதுவான குற்றவியற் சட்டத்திலே பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் அயலவரிடமும் கூட்டாளியிடமும் சொன்னதற்கு அந்தத் தடை இல்லை. ‘அவன் கத்தியோடு வந்தான், நான் என்ன செய்ய’ என்ற ஒரு வசனம், மேலே சொன்னபடி, சுமையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிவிடக் கூடும். மனைவி மக்கள் பிணைக்காக நீதவான் நீதிமன்ற வாசலிலே நாட்கணக்காக நிற்பதையும் காண்கிறோம். கொலைக் குற்றச்சாட்டிலே பிணை வழங்கும் அதிகாரம் 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின்படி மேல் நீதிமன்ற நீதிபதிக்கே உரியது. நீதவானிடம் கேட்டுப் பயனில்லை. பணமில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மேல் நீதிமன்றத்திலே வழக்கறிஞரின்றி நிற்கும் எதிரிக்கு நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமித்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அந்த நியமனம், குற்றப்பத்திரம் அங்கே வந்து சேர்ந்த பின்னரே நடைபெறும். கைதான நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே பல மாதங்கள், சில வேளைகளிலே பல ஆண்டுகள், விளக்கமறியலிலே கழிந்துவிடுகின்றன.